மக்களவையில் ஒரு பஸ் டிக்கெட்

(பாகான் டத்தோவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் இன்று ஒரு பிள்ளையாவது வெளியூரில் இருக்கிறது. கோலாலம்பூர், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று வேலை எங்கே கிடைத்ததோ அங்கே போய்விட்டார்கள். தென்னந்தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் தாத்தா பாட்டி செய்த வேலையை இன்று வேறு நாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். நம் பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்புகிறார்கள். அப்படித் திரும்பும் பாதையில்தான் டிக்கெட் மோசடிக்காரன் காத்திருக்கிறான். அவனைப் பற்றியும், அவனைப் பற்றி நாடாளுமன்றத்தில் யார், எப்படிக் கேள்வி கேட்பது என்பதைப் பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன்.

பழைய மோசடிக்கு முகம் இருந்தது. 1976இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் புடுராயா பஸ் நிலையத்தை அறியாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால் போதும், கையைப் பிடித்து இழுத்து, "தெலுக் இந்தானா, ஈப்போவா, இப்பவே பஸ் கிளம்புது" என்பார்கள் 'ஊலாட்' எனப்படும் டிக்கெட் தரகர்கள். காசு கொடுத்து டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனால் பஸ் இருக்காது. இருந்தால் இடம் இருக்காது. இடமும் இருந்தால், டிக்கெட்டில் அச்சடித்த விலைக்கும் கையிலிருந்து போன காசுக்கும் சம்பந்தமே இருக்காது. 2011இல் பண்டார் தாசேக் செலாத்தானில் புதிய பஸ் முனையம் வந்தது. எல்லா நிறுவனங்களின் டிக்கெட்டையும் ஒரே முறையில், பொதுக் கௌண்டர்களில் விற்கும் ஏற்பாடும் அதோடு வந்தது. கௌண்டரில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்கத் தொடங்கியதும் கையைப் பிடித்து இழுக்கும் தொழில் படுத்துவிட்டது. ஆளைத் துரத்திப் பிடித்ததால் மட்டும் இந்த மாற்றம் வரவில்லை. விற்கும் முறையை மாற்றியதால் வந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய மோசடிக்காரனுக்கு முகம் இல்லை. விடுமுறைக்கு ஒரு மாதம் இருக்கும்போது முகநூலிலும் டெலிகிராமிலும் ஒரு பக்கம் முளைக்கும். அதில் உண்மையான பஸ் நிறுவனத்தின் சின்னம் இருக்கும், படம் இருக்கும், "கடைசி நான்கு சீட்டு" என்ற அவசரமும் இருக்கும். பணத்தை நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குக் கேட்க மாட்டார்கள், யாரோ ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்வார்கள். அந்தக் கணக்குக்காரர், சில நூறு வெள்ளிக்குத் தன் ஏடிஎம் அட்டையை வேறொருவனிடம் கொடுத்த ஏழையாகக்கூட இருக்கலாம். நாம் கழுதைக் கணக்கு என்கிறோமே, அதுதான். பணம் உள்ளே விழுந்த சில நிமிடங்களில் அடுத்த கணக்குக்குப் போய்விடும். வாங்கியவருக்குக் கைப்பேசியில் அழகான ஒரு டிக்கெட் வரும், கட்டம் போட்ட க்யூஆர் குறியீட்டோடு. பஸ் ஏறப் போகும் இரவில்தான் அது வெறும் படம் என்று தெரியும். இசை நிகழ்ச்சி, விமானம், ஓட்டல் அறை எதுவானாலும் இதே கதைதான். 2023 நவம்பர் 22ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் நடந்த கோல்ட்பிளே நிகழ்ச்சியின் டிக்கெட்டுகள் சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. கிடைக்காத ரசிகர்களைக் குறிவைத்து, இல்லாத டிக்கெட்டை விற்ற ஆட்கள் உடனே கிளம்பிவிட்டார்கள்.

டிக்கெட் ஏன் இவ்வளவு வசதியான ஏமாற்றுப் பொருளாக இருக்கிறது? பணம் கொடுக்கும் நாளும் பொருளைக் கையில் பெறும் நாளும் வேறு வேறு. இடையில் உள்ள வாரங்களில் அவன் பக்கத்தை மூடிவிட்டு வேறு பெயரில் திறந்துவிடுவான். இன்னொரு காரணம், அதைவிடக் கனமானது. தொகை சிறியது. நாற்பது வெள்ளி, ஐம்பது வெள்ளி. அதற்காக அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு போலீஸ் நிலையத்தில் உட்கார யாருக்கு முடிகிறது? "போனா போகுது" என்று அடுத்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்கிறோம். நம் குற்றவியல் சட்டத்தின் 420ஆவது பிரிவு ஏமாற்றியவனுக்கு ஓராண்டு முதல் பத்தாண்டுவரை சிறையும், பிரம்படியும், அபராதமும் வைத்திருக்கிறது. அவ்வளவு கடுமையான பிரிவு, புகார் எழுதப்படாத காரணத்தால் புத்தகத்திலேயே தூங்குகிறது.

ஒவ்வொருவரும் ஐம்பது வெள்ளியை மறந்துவிடலாம். ஆனால் நாட்டுக்கு மொத்தக் கணக்கு வேண்டாமா? அந்தக் கூட்டல் கணக்கைப் போடச் சொல்லி அரசாங்கத்தைக் கட்டாயப்படுத்தும் உரிமை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இருக்கிறது. அந்த உரிமைக்குக் கேள்வி நேரம் என்று பெயர்.

நம் மக்களவையில் 222 உறுப்பினர்கள். அமைச்சர் அல்லாத ஒவ்வொருவரும் ஒரு கூட்டத்தொடருக்குப் பத்துக் கேள்விகளை வாய்மொழிப் பதிலுக்கும், ஐந்து கேள்விகளை எழுத்து மூலமான பதிலுக்கும் கொடுக்கலாம். காலை பத்து மணிக்கு அவை கூடியதும் கேள்விகள்தான் முதலில். 2023 முதல் செவ்வாய்க்கிழமைகளில் பிரதமரே நேரடியாகப் பதில் சொல்லும் நேரமும் இருக்கிறது. வாய்மொழிக் கேள்விக்குப் பின்னால் துணைக்கேள்வி உண்டு. அமைச்சு எழுதிக் கொடுத்த பதிலை அமைச்சர் வாசித்து முடித்ததும், எழுதிக் கொடுக்காத இடத்தில் ஒரு கேள்வி வந்து விழும். விஷயம் தெரிந்த அமைச்சர் யார், காகிதம் வாசிக்கும் அமைச்சர் யார் என்று அங்கே தெரிந்துவிடும். தொலைக்காட்சியில் காட்டும் கூச்சலைவிட எழுத்து மூலமான கேள்வியை நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்குக் கைதட்டல் கிடையாது, ஆனால் எண்ணிக்கை வரும். ஆண்டுவாரியாக, மாநிலவாரியாக. அது நாடாளுமன்றப் பதிவில் ஏறிவிட்டால் எந்த அமைச்சராலும் அழிக்க முடியாது.

இப்போது நம் தொகுதிக்கு வருகிறேன். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, நிலைமையை உள்ளபடி சொல்கிறேன். டத்தோ ஸ்ரீ அகமட் சாஹிட் ஹமிடி 1995 முதல் பாகான் டத்தோவின் நாடாளுமன்ற உறுப்பினர். 2004இல் துணையமைச்சரானார். அதற்குப் பின் பெரும்பாலான ஆண்டுகள் அரசாங்கத்தில்தான் இருந்திருக்கிறார். 2022 நவம்பர் தேர்தலில் 348 வாக்குப் பெரும்பான்மையில் வென்று, அடுத்த மாதமே துணைப் பிரதமராகவும் ஊரக, வட்டார மேம்பாட்டு அமைச்சராகவும் பதவியேற்றார். துணைப் பிரதமர் நம் ஊர்க்காரர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. 2017இல் பாகான் டத்தோ தனி மாவட்டமானதும், சாலையும் கட்டடமும் வந்ததும் நம் கண்முன்னே நடந்தவை. ஆனால் அமைச்சரவையில் இருப்பவர் கேள்வி நேரத்தில் கேட்கும் பக்கத்தில் இருக்க மாட்டார், பதில் சொல்லும் பக்கத்தில் இருப்பார். அமைச்சர் இன்னோர் அமைச்சரிடம் கேள்வி கேட்கும் வழக்கம் அவையில் இல்லை. பக்கத்துத் தெலுக் இந்தானைப் பாருங்கள். அதன் உறுப்பினர் ஙா கோர் மிங்கும் அதே 2022 டிசம்பரில் அமைச்சரானார். பேராக் ஆற்றின் முகத்துவாரத்தில் அடுத்தடுத்து இரண்டு தொகுதிகள், இரண்டு அமைச்சர்கள், இரண்டு இடத்திலும் கேள்வி கேட்க ஆள் இல்லை.

அப்படியானால் நம் கேள்வியை யார் கேட்பது? நம் ஊத்தான் மெலிந்தாங், ருங்குப் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கொடுக்கலாம். ஆனால் அது ஈப்போவில் கூடும் மாநிலச் சட்டமன்றம். பஸ் உரிமம், போலீஸ், வங்கி, இணையம் எல்லாம் மத்திய அரசின் கையில் இருப்பவை. ஆகவே நமக்கு வெளியே ஒரு குரல் வேண்டும். பேராக்கிலேயே தமிழ் பேசும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தாப்பாவில் டத்தோ ஸ்ரீ மு. சரவணன், பத்து காஜாவில் வ. சிவகுமார், சுங்கை சிப்புட்டில் சு. கேசவன். கேசவன் 2008 முதல் பத்தாண்டுகள் ஊத்தான் மெலிந்தாங் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர், இந்தப் பகுதியின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர். மேலவை உறுப்பினர்களுக்கும் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. கட்சி எதுவாக இருந்தால் நமக்கென்ன? கேள்வியை எழுதிக்கொண்டு போய்க் கொடுப்பது நம் வேலை. தொகுதி எல்லை ஓட்டுப் போடுவதற்குத்தான், கேள்வி கேட்க எல்லை கிடையாது.

ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் கேள்விக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்று பேராக்காரர்களுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. ஈப்போவில் ஒரு பெரிய பூங்காவுக்கு டி. ஆர். சீனிவாசகம் பெயர் இருக்கிறது. மாலையில் அங்கே நடைபழகும் இளைஞர்களில் பலருக்கு அவர் யாரென்று தெரியாது. அது எனக்கு வருத்தம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டி. ஆர். சீனிவாசகம் வழக்கறிஞர். அண்ணன் எஸ். பி. சீனிவாசகமும் வழக்கறிஞர். 1953இல் தொடங்கிய பேராக் முற்போக்குக் கட்சி, பின்னாளில் மக்கள் முற்போக்குக் கட்சி ஆயிற்று. அதன் முதுகெலும்பு இந்தச் சகோதரர்கள். 1957இல் ஈப்போ மெங்லெம்பு இடைத்தேர்தலில் டி. ஆர். வென்றார். 1959 முதல் ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினர். ஈயச் சுரங்கத் தொழிலாளியும் சந்தையில் காய்கறி விற்கும் சீனத்துப் பாட்டியும் தங்கள் வழக்கறிஞர் என்று உரிமையோடு தேடி வந்த மனிதர்.

அன்றைய கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப். 1960இல் அவர் பெயரால் வந்த அறிக்கைதான் நம் நாட்டின் அன்றைய கல்விச் சட்டத்துக்கு அடித்தளம். சாதாரண ஆள் இல்லை. அவர்மீது ஊழல் குற்றச்சாட்டுகளை டி. ஆர். நாடாளுமன்றத்தில் வைத்தார். அவைக்குள் பேசியதற்காக ஓர் உறுப்பினர்மீது வழக்குப் போட முடியாது. கூட்டரசு அரசியலமைப்பின் 63ஆவது விதி அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. அந்தக் காப்புக்குள் நின்றுகொண்டு பேசுகிறார், துணிவிருந்தால் வெளியே வந்து சொல்லட்டும் என்று அமைச்சர் தரப்பு சவால் விட்டது. டி. ஆர். வெளியே வந்தார், பொதுமேடையில் ஏறினார், அவையில் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார். வழக்கில் அமைச்சர் தோற்றார். 1965இல் பதவி விலகினார். பிறகு செய்த மேல்முறையீடும் பலிக்கவில்லை.

இதில் நான் கவனிப்பது அவருடைய துணிச்சலை மட்டும் அல்ல. துணிச்சல்காரர்கள் நம் அரசியலில் நிறையப் பேர். வெளியே வந்து சொன்னால் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும் என்று தெரிந்தும் சொன்னாரே, அதற்குத் தேவையான ஆதாரம் கையில் இருந்தது. வாய் திறப்பதற்கு முன்பே வேலையை முடித்திருந்தார். 1969 மார்ச் மாதம், பொதுத்தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஐம்பது வயதுகூட ஆகாமல் அவர் காலமானார். அவரைப் போல இன்னொருவர் வேண்டும் என்று ஏங்குகிறோம். சரி, ஆதாரத்தைத் தேடிக் கொடுக்கும் மக்கள் இல்லாமல் அவரைப் போன்ற ஒருவர் எங்கிருந்து வருவார்?

டிக்கெட் விஷயத்துக்குப் பல ஆண்டுகளைக் கொடுத்த ஓர் உறுப்பினர் பிரிட்டனில் இருக்கிறார். ஷேரன் ஹாட்ஜ்சன், தொழிற்கட்சிக்காரர், இங்கிலாந்தின் வடகிழக்கிலிருந்து 2005இல் தேர்வானவர். டிக்கெட்டை மொத்தமாக அள்ளிப் பல மடங்கு விலைக்கு விற்பதைத் தடுக்க அவர் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2011 ஜனவரியில் அது விவாதத்துக்கு வந்தபோது, எதிர்த்தவர்கள் நேரம் முடியும்வரை பேசியே அதைக் கொன்றார்கள். பின்னாளில் அமைச்சரான சாஜித் ஜாவித் அந்த விவாதத்தில் இடைத்தரகர்களைத் தொழில்முனைவோர் என்று பாராட்டினார். ஹாட்ஜ்சன் விடவில்லை. எல்லாக் கட்சியினரும் சேர்ந்த ஒரு குழுவைக் கட்டினார். 2015இல் வந்த நுகர்வோர் உரிமைச் சட்டம், டிக்கெட்டை மறுவிற்பனை செய்பவர் இருக்கை எண்ணையும் அசல் விலையையும் காட்ட வேண்டும் என்றது. கணினி நிரல்களை வைத்து டிக்கெட் அள்ளுவதை 2017 சட்டம் குற்றமாக்க வழி செய்தது. 2020இல் லீட்ஸ் நீதிமன்றம் இரண்டு பெரிய டிக்கெட் வியாபாரிகளை மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்பியது. 2025 நவம்பரில், அசல் விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதையே தடை செய்யப்போவதாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது. மசோதா செத்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள். ஒரு கூட்டத்தொடரில் கேட்டோம், பதில் சரியில்லை, விட்டுவிட்டோம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்தியாவில் ரயில் டிக்கெட்தான் பெரிய வேட்டைக்காடு. அனுமதி இல்லாமல் டிக்கெட் வாங்கி விற்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆவது பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறைக்குரிய குற்றம். அப்படியிருந்தும் அவசரப் பயணத்துக்கான தட்கல் முன்பதிவு காலையில் திறந்த சில நிமிடங்களில் சென்னை, மதுரை ரயில்கள் நிறைந்துவிடுகின்றன என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் அழுதார்கள். 2025இல் ரயில்வே அமைச்சு நாடாளுமன்றத்தில் அளித்த பதிலில்தான் அழுகைக்கு ஓர் எண்ணிக்கை கிடைத்தது. சந்தேகத்துக்குரிய இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பயனர் கணக்குகளை முடக்கியிருக்கிறார்கள். அந்த ஆண்டு ஜூலை முதல் தட்கல் டிக்கெட்டுக்கு ஆதார் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று. முதல் அரை மணி நேரம் முகவர்கள் வாங்கக் கூடாது என்ற விதியும் வந்தது. புடுராயாவில் நாம் பார்த்ததேதான், விற்கும் முறையை மாற்றினார்கள்.

அதே இந்தியாவிலிருந்து கசப்பான ஒரு செய்தியும் சொல்ல வேண்டும். அனில் குமார் சஹானி என்ற மாநிலங்களவை உறுப்பினர், போகாத பயணங்களுக்குப் போலி விமான டிக்கெட்டும் போலி போர்டிங் பாஸும் காட்டி 23.71 லட்சம் ரூபாய் பயணப்படி கேட்டார் என்று மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. 2022இல் டெல்லி நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. அப்போது பீகார் சட்டமன்றத்தில் அவர் வகித்த இடமும் பறிபோயிற்று. அதற்கு முன்பே, 2005 டிசம்பரில், கேள்வி கேட்பதற்குக் காசு வாங்கியவர்கள் என்று பதினோரு உறுப்பினர்களை இந்திய நாடாளுமன்றம் வெளியேற்றியது. உறுப்பினர்கள் எல்லாரும் அப்படி என்று நினைக்க வேண்டாம். ஆனால் கேள்வி கேட்கும் உரிமை விலைபோகக்கூடியது. மக்கள் தங்கள் கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுக்காத இடத்தில் காசுள்ளவனின் கேள்வி போய் உட்கார்ந்துகொள்ளும். என்னை உறுத்துவது இதுதான்.

நம் நாட்டில் டிக்கெட் மோசடி ஏன் கேள்விக்குள் சிக்காமல் நழுவுகிறது என்று பாருங்கள். ஏமாற்றியவனைப் பிடிப்பது போலீஸ், அது உள்துறை அமைச்சு. பஸ் உரிமம் போக்குவரத்து அமைச்சு. போலிப் பக்கத்தை முடக்குவது தொடர்புத் துறை அமைச்சு. வாங்குபவரின் உரிமை உள்நாட்டு வாணிப அமைச்சு. கழுதைக் கணக்கைக் கண்காணிப்பது பேங்க் நெகாரா, அதன் பின்னால் நிதி அமைச்சு. யாரிடம் கேட்டாலும் பாதிப் பதில்தான் வரும், மீதி இன்னோர் அமைச்சின் பொறுப்பு என்பார்கள். அதனால் கேள்வியை உடைக்க வேண்டும். "டிக்கெட் மோசடியைத் தடுக்க அரசாங்கம் என்ன நடவடிக்கை எடுத்துள்ளது?" என்று கேட்டால், விழிப்புணர்வுப் பிரசாரம் நடத்தினோம் என்று நான்கு வரி வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்காமலே இருக்கலாம்.

உள்துறை அமைச்சரிடம் இப்படிக் கேட்க வேண்டும்: கடந்த ஐந்து ஆண்டுகளில் பஸ், ரயில், விமானம், பொது நிகழ்ச்சி டிக்கெட் மோசடி பற்றி எத்தனை போலீஸ் புகார்கள், ஆண்டுவாரியாக, மாநிலவாரியாக? மொத்த இழப்பு எவ்வளவு? எத்தனை பேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள்? நிதி அமைச்சரிடம்: கழுதைக் கணக்கைக் குற்றமாக்கிய 2024ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முடக்கிய கணக்குகளில் இருந்த பணத்தில் எவ்வளவு ஏமாந்தவர்களுக்குத் திரும்பிப் போயிற்று? தொடர்புத் துறை அமைச்சரிடம்: போலி டிக்கெட் பக்கத்தைப் பற்றிப் புகார் வந்த நேரத்திலிருந்து அது முடங்கும்வரை சராசரியாக எத்தனை மணி நேரம் ஆகிறது? போக்குவரத்து அமைச்சரிடம்: பண்டார் தாசேக் செலாத்தானில் உள்ளதுபோல் பெயரும் அடையாள எண்ணும் பதியும் பொதுவான விற்பனை முறை தெலுக் இந்தான் போன்ற சிறு பட்டணத்து நிலையங்களுக்கு எப்போது வரும்?

இந்த நான்கில் ஒன்றுக்கும் பிரசாரத்தைப் பதிலாகச் சொல்ல முடியாது. ஒரு தனி ஆளின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ போட்டுப் பழி சுமத்தவும் இல்லை. நீதிமன்றத்தில் உள்ள வழக்கைத் தொடவும் இல்லை. ஆகவே அவை விதிகளைக் காட்டி அவைத்தலைவர் அலுவலகம் இவற்றைத் திருப்பி அனுப்பக் காரணம் இருக்காது.

ஆனால் முதல் கேள்வி நிற்க வேண்டுமானால் புகார்கள் இருக்க வேண்டும். புகார் எழுதாத ஏமாற்றம் அரசாங்கக் கணக்கில் நடக்காத ஏமாற்றம். அதனால் ஐம்பது வெள்ளி போனாலும் போலீஸில் புகார் எழுதுங்கள். பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மைய எண்ணைக் கூப்பிடுங்கள், பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் பிடிக்க ஒரு வாய்ப்பு உண்டு. பணம் போடுவதற்கு முன்பு, போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள், ஏற்கனவே புகார் இருந்தால் காட்டும். ஏமாற்றியது முகவரி உள்ள ஒரு வியாபாரியாக இருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. ஐந்து வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, ஐம்பதாயிரம் வெள்ளிவரை கேட்டு மனுச் செய்யலாம். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு இந்த மண்டபத்தில் இருக்கும் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார்தான் ஊருக்கே மனு எழுதிக் கொடுத்தார்.

புகாரின் நகல் ஒன்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஊத்தான் மெலிந்தாங்குக்கு ஒரு கோப்பு, சுங்கை சுமுனுக்கு ஒரு கோப்பு, ஜெண்டாராட்டாவுக்கு ஒன்று. தேதி, எந்த ஊர்ப் பஸ், எவ்வளவு தொகை, எந்த வங்கி, எந்தப் பக்கம், புகார் எண், போலீஸிலிருந்து கடைசியாக வந்த பதில். இவ்வளவு போதும். அடுத்த கூட்டத்தொடருக்கு நாள் குறித்ததும், அறிவிப்புக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், அந்தக் கோப்போடு நான்கு கேள்விகளையும் மலாய் மொழியில் தட்டச்சு செய்து, நான் முன்பு பெயர் சொன்ன மூவருக்கும் தனித்தனியே கொடுப்போம். நம் துணைப் பிரதமரின் தொகுதிச் சேவை மையத்துக்கும் ஒரு பிரதி போகட்டும், அமைச்சரவையில் பேச அவருக்கும் அது உதவும். தட்டச்சுக்கும் மொழிபெயர்ப்புக்கும் முன்வருகிறவர்கள் இன்றே உங்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.